மலிவு மையில் அப்பாவின் முகம்

அப்பாவின் பதினாறாம் நாள் படையலுக்காக இன்று காலை வீட்டுப் பிரிண்டரில் அவர் படத்தை அச்சடித்தேன். உள்ளே ஊற்றியிருந்தது வேறு கம்பெனியின் மலிவு மை. முகம் பச்சையாக வந்தது.

நீலத்தைக் குறைத்தேன், சிவப்பைக் கூட்டினேன். ஐந்தாவது தாளை மனைவியிடம் நீட்டினேன். "இப்ப சரிதானே?"

"மாமா இவ்வளவு செவப்பு இல்லலா. கொஞ்சம் கொறச்சிட்டு மஞ்சள ஏத்துங்க."

அப்படியே செய்தேன். அப்பா வந்துவிட்டார்.

அவர் படுக்கையில் கிடந்த மூன்று வருடமும் தினமும் முகம் துடைத்து, சவரம் செய்துவிட்டவள் அவள்தான். நான் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க அப்பா நெறம் உங்களுக்கே தெரியலையா?" என்று கேட்டாள்.

தாளை எடுத்துப் படச் சட்டத்தில் செருகினேன்.

உங்கள் அப்பா என்ன நிறம்? படத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள், நண்பர்களே.