இரண்டு அனுசுயாக்கள்

அனுசுயாவுக்குத் தன் பெயர் மேல் பெரிய பிரியம் கிடையாது. நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்தில் படித்தபோது, அந்தப் பெயருக்குப் பொறாமை இல்லாதவள் என்று பொருள் என டீச்சர் சொல்ல, வகுப்பே சிரித்தது. முந்தின நாள்தான் பக்கத்து பெஞ்சுக்காரியின் புது ரிப்பனை இழுத்து அறுத்திருந்தாள்.

கல்யாணமாகித் திருப்பூர் வந்ததும் பெயர் தேய்ந்து அனு ஆகிவிட்டது. நெருப்பெரிச்சல் என்ற பகுதியில் ஒரு பனியன் கம்பெனியில் அவள் டைலர். கணவன் ராஜ்கமல் அங்கேயே துணி வெட்டும் கட்டிங் பிரிவில். மயிலாள் என்பவருடைய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். மயிலாளுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். யாரையும் அதட்ட மாட்டார். ஆனால் குடியிருப்பவர்களை வாசலோடு நிறுத்தித்தான் பேசுவார்.

அனுசுயாவுக்கு மகன் பிறந்தபோது ஊரிலிருந்து யாராலும் வந்து தங்க முடியவில்லை. ராஜ்கமலே வெந்நீர் வைத்துக் கொடுத்தான். சில மாதம் கழித்து மயிலாளின் மருமகள் மைதிலிக்கு வளைகாப்பு. சேவூரிலிருந்து வேன் வேனாகச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்த அனுசுயாவுக்கு வயிறு எரிந்தது. பெயரின் அர்த்தம் நினைவுக்கு வர, தன்னையே கடிந்துகொண்டு ஜன்னலைச் சாத்தினாள்.

மைதிலிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே அவளுக்குக் கடும் காய்ச்சல். கணவன் முகிலன் அவளைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, குழந்தையோடு மயிலாள் தனியாக நின்றார். பவுடர் பாலைக் குழந்தை துப்பித் துப்பித் தள்ளியது. காலையில் வீறிட்ட அழுகை மதியத்துக்கு மேல் முனகலாகத் தேய்ந்தது. அதைக் கேட்கக் கேட்க அனுசுயாவுக்கு மார் கட்டி நைட்டி நனைந்தது. பொறுக்க முடியாமல் போய் வாசலில் நின்றாள்.

“பிள்ளைய எங்கிட்ட தாங்கம்மா. நான் பால் குடுக்கேன்.”

மயிலாள் குழந்தையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மகனுக்குப் போன் போட்டு டாக்டரைக் கேட்கச் சொன்னார். கொடுப்பவளுக்கு நோய் நொடி இல்லையென்றால் கொடுக்கலாம் என்று பதில் வந்தது.

“உள்ள வா கண்ணு,” என்று தன் கட்டிலைக் காட்டினார்.

மைதிலி குணமாகி வரும்வரை குழந்தை அனுசுயாவின் மடியில்தான் பசியாறியது. பங்குக்கு ஆள் வந்ததில் அவள் மகன்தான் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

பெயர் வைக்கும் பேச்சு வந்தது. முகிலன் போனில் தேடி வைத்திருந்த நாகரிகப் பெயர் எதற்கும் மைதிலி தலையாட்டவில்லை. அனுசுயா என்றே வைப்போம் என்றாள். அனுசுயா பதறிப்போனாள். பழைய பெயர், பிள்ளையைக் கேலி செய்வார்கள் என்று தடுத்துப் பார்த்தாள். தனக்கே பொருந்தாத பெயர் என்று நினைத்ததை மட்டும் வெளியே சொல்லவில்லை.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று மயிலாள் விசாரித்தார். அனுசுயா மெதுவாகச் சொன்னாள். அவள் அம்மா சுசீந்திரத்தில் வேண்டிப் பெற்ற பிள்ளை. அந்தக் கோயில் கதையில் வருகிற பெயர். அத்திரி முனிவரின் மனைவி அனுசுயாவைச் சோதிக்கப் பிரம்மாவும் விஷ்ணுவும் சிவனும் பிச்சை கேட்டு வந்தார்கள். சோறு போடுவதற்கு ஏடாகூடமாக ஒரு நிபந்தனை வைத்தார்கள். அது என்னவென்று மயிலாளிடம் சொல்லக் கூச்சப்பட்டு அனுசுயா தாண்டிப் போனாள். முனிவர் மனைவி தண்ணீரைத் தெளித்ததும் மூன்று பேரும் கைக்குழந்தைகளாகிவிட்டார்கள். வந்தது சாமிகள் என்றாலும் பிள்ளை பிள்ளைதானே, மடியில் போட்டுப் பால் கொடுத்தாள்.

மயிலாள் பேத்தியைத் தூக்கி அனுசுயாவின் மடியில் வைத்தார்.

“அந்தம்மா மூணு பேத்துக்குக் குடுத்துச்சு. நீ ரெண்டு பேத்துக்குக் குடுத்திருக்கற. இதுக்கு மேல என்ன கண்ணு பொருத்தம் பாக்கறது?”

அதற்கு மேல் அனுசுயா தடுக்கவில்லை.

பெயர் வைத்த அன்று, யார் பேருங்க இது என்று சேவூர்ச் சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். “எங்கூட்டு அனுசுயா பேருங்க,” என்றார் மயிலாள். பந்தி பரிமாறிக்கொண்டிருந்த அனுசுயாவின் கரண்டி ஒரு நொடி நின்று மறுபடி நகர்ந்தது.

ஒரு வருடம் ஓடிவிட்டது. இப்போது அவள் கம்பெனிக்குத் திரும்பிவிட்டாள். பகலெல்லாம் அவள் மகன் மயிலாளின் வீட்டில்தான். மாலையில் ஷிப்ட் முடிந்து கூப்பிடப் போனால், இரண்டு பிள்ளைகளும் ஒரே தட்டில் பருப்புஞ்சோறு தின்றுகொண்டு, அவளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.