செபஸ்தியம்மாள் மணல் மாற்றிய வாரம்

தங்கச்சிமடத்தில் செபஸ்தியம்மாள் வீட்டைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. சிரிக்கட்டும். ஆனால் ஏழு பிள்ளைகளைப் பெற்று, ஓலை வீட்டில் போட்டு, கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் ஒரே ஒரு நாள் அந்த வீட்டைச் சுத்தமாக வைத்துக் காட்டிவிட்டு அப்புறம் சிரிக்கட்டும்.

சிமெண்டுத் தரையா, துடைத்துவிட? எங்கள் கரையில் அன்றைக்கு வீட்டுத் தரை என்றால் மணல்தான். அழுக்கான மணலைச் சிரட்டையால் வாரி வெளியே கொட்டிவிட்டு, கடற்கரையிலிருந்து புது மணல் சுமந்து வந்து பரப்ப வேண்டும். பரப்பின கையோடு ஒரு பிள்ளை அதில் மூத்திரம் போகும். ஒன்று சோற்றைச் சிந்தும். ஒன்று மட்டிச் சிப்பி பொறுக்கி வந்து நடுவீட்டில் குவிக்கும். போதாததற்கு அவள் புருசன் இன்னாசி ஈர வலையைக் கொண்டுவந்து உள்ளே போடுவான். வெளியே போட்டால் ஆடு கடித்துவிடுமாம், மகராசனுக்கு.

வெள்ளைக்காரன் போய் ஏழெட்டு வருசம் இருக்கும். இன்னாசியின் அக்கா அற்புதம்மாள் பாம்பனில் ஓட்டு வீட்டில் இருந்தாள். பிள்ளை கிடையாது. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் என்பதால் அவள் சொன்னால் இன்னாசிக்கு மறுபேச்சு இல்லை. அந்த ஆனி மாதம் வந்தவள், கடைக்குட்டி சூசையம்மா மீன் செதிலோடு மணலில் புரண்டதைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏலே இன்னாசி, இது வீடா, கருவாட்டுக் கிட்டங்கியா? இந்தச் சின்னதையாவது எங்கிட்ட குடுத்துரு. மனுசப் பிள்ளையா வளத்துவிடுறேன்."

"அடுத்த வாரம் வந்து பாருக்கா. அப்பவும் இப்பிடியே கெடந்தா கூட்டிட்டுப் போயிரு" என்றான் இன்னாசி. பெற்றவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சூசையம்மா அப்போது பால்கூட மறக்கவில்லை.

அன்றிலிருந்து செபஸ்தியம்மாள் உட்கார்ந்ததை யாரும் பார்க்கவில்லை. மூத்தவள் ஜோதிமேரி சமைந்து ஒரு வருசம்கூட ஆகாத பிள்ளை. மற்ற ஆறையும் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போய் அங்கேயே வைத்திருப்பதுதான் அவளுக்கு வேலை. வீட்டு வேலை அத்தனையும் தாய் தலையில். காலையில் மணல் மாற்றினால் மத்தியானம் காற்று அடுப்புச் சாம்பலை வாரி அதன்மேல் இறைத்தது. மறுபடி மாற்றினாள். தண்ணீர் குடிக்க ஓடிவந்த ஒரு பையனை விளக்குமாற்றால் அடித்துவிட்டு, அவன் அழுவதற்கு முன் தானே அழுதாள். "ஒரே ஒரு நாளு காத்த நிப்பாட்டும் சவேரியாரே, எம்பிள்ளையக் கொண்டுபோயிருவாக" என்று ஓலையில் செருகியிருந்த படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். காற்று நிற்கவில்லை. பழைய பாய்மரத் துணியைக் கிழித்து இண்டு இடுக்கெல்லாம் அடைத்தாள்.

சொன்னபடி மறுவாரம் அற்புதம்மாள் ரயிலை விட்டு இறங்கி வந்தபோது வீட்டுக்குள் மணல் வெள்ளையாகப் பரந்து கிடந்தது. பானைகள் பளபளத்தன. வலை வெளியே இருந்தது. அவளும் விடவில்லை. பானைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், மணலுக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஒரு செதில்கூட அகப்படவில்லை.

"யாரு செஞ்ச வேலை இது?"

சமைந்த பெண் இருக்கிற வீட்டில் இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கம் ஒரே பதில்தான். குழம்பு ருசித்தாலும் சரி, வாசல் துலங்கினாலும் சரி, 'எல்லாம் எங்க பிள்ளை வேலை' என்று தாய் சொல்லிவிட வேண்டும். வந்தவர்கள் அதை நாலு வீட்டில் சொல்வார்கள், மாப்பிள்ளை வரும். செபஸ்தியம்மாள் யோசிக்கவே இல்லை.

"எல்லாம் நம்ம ஜோதிமேரிதான் மதினி. நான் துரும்பக்கூட எடுத்துப் போடல."

அற்புதம்மாள் ஜோதிமேரியை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப சின்னவ இங்கனயே இருக்கட்டும். அதுக்குப் பீ மூத்திரம் அள்ள என்னால ஏலாது. முட்டுவலியோட நான் கெடக்கேன், இவள அனுப்பு. மாப்பிள்ளையும் நானே பாத்துக் கெட்டிக் குடுக்கேன்."

"கூட்டிட்டுப் போக்கா" என்றான் இன்னாசி.

செபஸ்தியம்மாளுக்கு 'பொய் மதினி, நான்தான் செஞ்சேன்' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன ஆகும்? பெண்ணுக்கு வேலை தெரியாது, தாய்க்காரி பொய் சொல்லி மறைக்கிறாள் என்று பாம்பன் முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு யார் வந்து கேட்பார்கள்?

"அவ சின்னப் பிள்ளை மதினி..."

"இம்புட்டு வேலை செய்யிறவ சின்னப் பிள்ளையா?"

துணியைச் சுருட்டிக் கட்டும்போது ஜோதிமேரி தாயிடம் மெல்லக் கேட்டாள். "நீதானம்மா எல்லாஞ் செஞ்ச. ஏன் என்னயச் சொன்ன?"

"ஒன் நல்லதுக்குத்தான்டி" என்றாள் செபஸ்தியம்மாள். அன்று சாயங்கால ரயிலிலேயே அத்தையும் மருமகளும் போய்விட்டார்கள்.

கிறிஸ்மசுக்கு அற்புதம்மாள் ஜோதிமேரியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வீடு பழையபடி கிடந்தது. வெளியே இருந்த பானையில் தண்ணீர் மொண்டு காலைக் கழுவிவிட்டு, ஜோதிமேரி வாசலிலேயே நின்றாள்.

"அம்மா, உள்ள வரட்டுமா?"

"ஒன் வீட்டுக்கு வர என்னடி கேள்வி?"

அவள் அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். அத்தை தலையசைத்த பிறகுதான் உள்ளே வந்தாள். வந்தவள் தாயைக் கட்டிக்கொள்ளவில்லை, தம்பிகளைக் கொஞ்சவில்லை. குனிந்து தரையில் கிடந்த சோற்றுப் பருக்கைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

செபஸ்தியம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். தெருவுக்கே கேட்டது.

"எம்பிள்ளைக்கு ஒரு வேலையும் தெரியாது மதினி! அன்னைக்கு நான் சொன்னது பூராப் பொய்! எம்பிள்ளைய விட்டுருங்க!"

அற்புதம்மாள் கோபப்படவில்லை, சிரித்தாள்.

"இவளக் கூட்டிட்டுப் போன அன்னைக்கே அது எனக்குத் தெரிஞ்சு போச்சு. இப்ப இவளுக்கு எல்லா வேலையும் நல்லாத் தெரியும். நான் பழக்கிட்டேன்ல."