மீன் தொட்டிக்கு ஒத்திகை

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை சரியாகப் பத்து மணிக்கு என் தங்கை எங்கள் வீட்டு மெயின் சுவிட்சை இறக்கிவிடுவாள். கூடவே இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுவாள். நான் டிவியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருப்பேன். என் மனைவி மிக்சியில் பாதி அரைத்திருப்பாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். ஹாலில் இருக்கும் மீன் தொட்டியின் எதிரே ஸ்டூலைப் போட்டு, தண்ணீரில் ஏதோ குழாயை விட்டு, மீன்களின் செவுள் அசைவை எண்ணி நோட்டில் எழுதியபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவாள். இதற்கு அவள் வைத்த பெயர் ஒத்திகை. நான் வைத்த பெயரை எழுதினால் அச்சில் ஏற்றமாட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. நான் எலக்ட்ரீஷியன். இருபத்தாறு வருடமாக ஊரார் வீடுகளுக்கெல்லாம் கரெண்ட் கொடுத்தவன். என் வீட்டிலேயே, என் கண்ணெதிரே, என்னைக் கேட்காமல் கரெண்டை நிறுத்தினால் எப்படி இருக்கும்?

தங்கை மாடியில் தனியாக இருக்கிறாள். தொட்டி மட்டும் கீழே எங்கள் ஹாலில். நான்கு அடி நீளம், இருநூறு லிட்டர் தண்ணீர். மாடித் தளம் அந்தக் கனத்தைத் தாங்காது என்று சொன்னவன் நான்தான். என் வாயை நானே நொந்துகொள்ளாத ஞாயிறு கிடையாது.

அவளுக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரியில், ஆக்சிஜன் சிலிண்டர் அறையில். ஆளுயர இரும்பு சிலிண்டர்களைச் சாய்த்து உருட்டி, வரிசையில் நிறுத்தி, ஒன்று தீர்வதற்குள் இன்னொன்றைக் குழாயில் மாட்டிவிட வேண்டும். ஆண்கள்கூட இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் வேலை. பதினான்கு வருடத்தில் அவள் பொறுப்பில் இருந்த நேரம் ஒரு வார்டிலும் காற்று நின்றதில்லை. டாக்டர்கள் முதல் வாசல் காவலாளி வரை அவளை சிலிண்டர் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மூச்சு முதலில், மற்றதெல்லாம் பிறகு என்பது அங்கே அவளுடைய கணக்கு. அதையே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு பகல் முழுக்க கரெண்ட் போயிற்று. அவள் டூட்டியில் இருந்தாள், நாங்கள் வெளியூரில். அவள் திரும்பி வந்தபோது ஒன்பது தங்க மீன்களில் எட்டு வயிறு மேலாக மிதந்தன. அன்றைக்கு அவள் அழுததுபோல் எங்கள் அப்பா போனபோதுகூட அழவில்லை. "ஊருக்கெல்லாம் மூச்சு குடுக்கறேன், என் வீட்டு மீனுக்குக் குடுக்கத் துப்பில்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிழைத்தது ஒன்றே ஒன்று. வெள்ளை உடம்பு, தலையில் சிவப்பாக ஒரு புடைப்பு. எங்கள் வீட்டில் அதற்கு தொப்பிக்காரர் என்று பெயர். பிறகு அவருக்குத் துணையாக நான்கு மீன்கள் வந்தன, ஒத்திகையும் வந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, காற்று அடித்து எங்கள் தெருவில் இரண்டு கம்பங்கள் சாய்ந்தன. கரெண்ட் போயிற்று. தங்கை அதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அங்கேயும் கரெண்ட் போயிருக்க வேண்டும், பத்து நிமிடத்தில் போன் செய்தாள்.

"அண்ணா, தொட்டி ஃபில்டர் பிளக்கை இன்வெர்ட்டர்லேருந்து எடுத்துடு. டிவி போடாதே. மீனுக்குக் காத்து விடற சின்ன மோட்டார் மட்டும் ஓடட்டும்."

"நான் மாட்டின இன்வெர்ட்டர்மா அது. எனக்கே பாடமா?"

"அதில்லண்ணா..."

"நீ உன் சிலிண்டரைப் பாரு. வீட்டை நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன். ஃபில்டர், டிவி, இரண்டு ஃபேன், பக்கத்து வீட்டாருடைய செல்போன்கள் நான்கு. மதியம் இரண்டு மணிக்கு என் பெருமைக்குரிய இன்வெர்ட்டர் ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. மூன்றரை மணிக்கு என் மனைவி ஹாலிலிருந்து கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. எல்லாம் மேல வந்து வாயத் திறக்குது."

தொப்பிக்காரர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். ரோஷத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டு, மீனெல்லாம் மேலே வந்துவிட்டது என்றேன். பின்னால் யாரோ கத்துவதும் இரும்பு உருளும் சத்தமும் கேட்டன.

"தொட்டிக்கு அடியில அலமாரி. நீலப் பெட்டி. கதவுல அட்டை ஒட்டியிருக்கு, முழுசாப் படி. வைக்கறேன்."

ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. நான் செய்த காரியம் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது.

நீலப் பெட்டியில் ஒரு பேட்டரி, அதில் ஓடும் இன்னொரு சின்னக் காற்று மோட்டார், குழாய், நுனியில் குமிழி விடும் கல். எல்லாம் இணைத்துத் தயாராக இருந்தது. அட்டையில் முதல் வரி: கல்லைத் தண்ணீரில் போடு. இரண்டாவது: சிவப்பு சுவிட்சைத் தட்டு. மூன்றாவது: சாப்பாடு போடாதே. அதற்கு மேல் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. கதவைச் சாத்தினேன்.

குமிழிகள் கிளம்பின. கால் மணி நேரத்தில் நான்கு மீன்கள் கீழே இறங்கின. தொப்பிக்காரர் நிமிர இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவர் நிமிர்ந்ததும் நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தங்கை அன்று வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியிலும் ஜெனரேட்டர் மக்கர் செய்ததாம். மறுநாள் காலை பதினோரு மணிக்கு, இருபத்தேழு மணி நேரம் கழித்து, தெருவில் ஓவென்று கூச்சல் எழுந்தது. கரெண்ட் வந்துவிட்டது. நீலப் பெட்டி அப்போதும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. நான் தலைகால் புரியாமல் எழுந்து போய் ஃபில்டர் சுவிட்சில் கை வைத்தேன்.

"அண்ணா! கைய எடு!"

வாசலில் தங்கை. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டாள். சிறு வயதுக்குப் பிறகு அவள் என்னை அடித்தது அதுதான் முதல் தடவை.

"என்னம்மா, கரெண்டுதான் வந்துடுச்சே!"

அவள் தொட்டிக்கு அடியிலிருந்த ஃபில்டர் வாளியை வெளியே இழுத்து மூடியைத் திறந்தாள். சாக்கடை நாற்றம் ஹாலைத் தூக்கியது. என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"நேத்துலேருந்து காத்தில்லாம மூடிக் கிடந்த தண்ணி. உள்ள இருந்து தண்ணிய சுத்தம் பண்ற நல்ல கிருமியெல்லாம் செத்து அழுகிப் போச்சு. சுவிட்சப் போட்டிருந்தா இவ்வளவும் நேரா தொட்டிக்குள்ள போயிருக்கும். ராத்திரி பூரா பிழைச்சதுங்க அஞ்சு நிமிஷத்துல போயிருக்கும்ணா."

அலமாரிக் கதவைத் திறந்து பார்த்தேன். அட்டையில் நான்காவது வரி சிவப்பு மையில் இருந்தது: கரெண்ட் வந்ததும் ஃபில்டரைப் போடாதே, முதலில் கழுவு. அவளோ திட்டக்கூட இல்லை. கண்கள் சிவந்து, தோள் பக்கம் சட்டை கிழிந்து, அந்த நாற்றம் பிடித்த பஞ்சுகளைத் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு அலசிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து வாளியைக் கழுவினேன்.

அதற்கு மறுநாள் ஒரு நர்ஸ் வீடு தேடி வந்து சொல்லித்தான் மீதி தெரிந்தது. ஜெனரேட்டர் நின்ற நேரமெல்லாம் ஆக்சிஜன் தயாரிக்கும் மெஷினும் நின்றுபோக, என் தங்கை ஒற்றை ஆளாக நாற்பத்தொரு சிலிண்டர் மாற்றியிருக்கிறாள். ஒரு வார்டிலும் ஒருவருக்கும் மூச்சு முட்டவில்லை. நடுவில் என் போனையும் எடுத்திருக்கிறாள். இப்போது வேலைக்குப் போகிற வீட்டிலெல்லாம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், சிலிண்டர் அக்காவின் அண்ணன் என்றுதான் என்னைச் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு அவளுக்கு டூட்டி விழுந்தது. டிவியில் நல்ல ஆட்டம். பத்து மணிக்கு மெயினை நானே இறக்கினேன். இன்வெர்ட்டரை அணைத்து, நீலப் பெட்டியைப் போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தேன். பதினோரு மணிக்கு அவளுக்குப் போன் செய்தேன்.

"ஒத்திகை முடிஞ்சுதும்மா."

அவள் உடனே கேட்டாள்.

"தொப்பிக்காரர் எங்க நின்னாரு?"

"அடியில, கல்லுப் பக்கத்துல. செவுள் நிமிஷத்துக்கு எண்பத்திரண்டு."

"ரெண்டு தடவ எண்ணினியா?"

"மூணு தடவ."