அழகியின் குறுக்கு விசாரணை

கழனிவாசலில் ரவிக்கை தைத்துப் பிழைக்கும் அழகிக்கு விவாகரத்து சுலபமாகக் கிடைத்துவிட்டது. இருபத்திரண்டு வருட வாழ்க்கையில் அவளும் முத்துக்கண்ணனும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். ஜீவனாம்சத்தில்தான் சிக்கல்.

அவளுடைய வக்கீல் சிவகங்கை கோர்ட்டுக்கு ஐந்து முறை வந்து, ஐந்து முறையும் அடுத்த தேதி வாங்கிக் கொடுத்தார். ஆறாவதற்கு ஃபீஸ் கேட்டார்.

"தேதிதான் காலண்டர்லயே இருக்கே சார்" என்று கேஸ் கட்டை வாங்கிக்கொண்டு, இனித் தன் வழக்கைத் தானே பேசுவதாகச் சொல்லிவிட்டாள் அழகி.

மூன்று நாள் கோர்ட்டின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அடுத்தவர் வழக்குகளைக் கேட்டாள். ஊரார் குடும்பம் நாறுவதைக் காசில்லாமல் கேட்பது நன்றாகத்தான் இருந்தது. சத்தம் போட்டவர்களை நீதிபதி அம்மா நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை என்பதையும் கவனித்துக்கொண்டாள்.

முத்துக்கண்ணனுக்குக் கல்யாண வீடுகளுக்குப் பாத்திரமும் பிளாஸ்டிக் சேரும் வாடகைக்கு விடும் தொழில். கோர்ட்டில் கொடுத்த சொத்து விவரத்திலோ, கடை தம்பியுடையது, தான் அங்கே தினக்கூலி என்று எழுதியிருந்தான். இந்தக் கஞ்சனுக்கா இத்தனை வருடம் மீன்குழம்பு வைத்தோம் என்று அழகிக்கு வெட்கமாகிவிட்டது.

விசாரணையன்று கூண்டில் நின்றவனிடம் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"நீங்க கூலிக்கு இருக்கது சின்னக் கடைதானே?"

"ஆமா."

"அம்பது சேர் இருக்குமா?"

"அம்பதா?" முகம் சுருங்கியது.

"அண்டா பூராம் ஓட்டையாமே. பெரிய வீட்டு விசேஷத்துக்குச் சிங்கம்புணரிலருந்துதான் எடுக்குறாகளாம்."

"எவன் சொன்னது? எங்கிட்ட முந்நூறு சேர் கெடக்கு! பித்தளை அண்டா மட்டும் பதினாலு. கானாடுகாத்தான்ல எந்த விசேஷம்னாலும் எங்கிட்டதான் வாராக!"

அவன் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி அம்மா பேனாவை எடுத்தார். "எங்கிட்டன்னா, யாருகிட்ட?"

முத்துக்கண்ணன் தண்ணீர் கேட்டான்.

பன்னிரண்டு லட்சம் கேட்டவளுக்கு, மூன்று தவணையில் ஏழு லட்சம் என்று தீர்ப்பானது. தையல் வருமானத்தைக் காட்டிக் குறைத்துவிட்டார்கள். நல்ல வக்கீல் இருந்திருந்தால் அதைத் தடுத்திருப்பாரோ என்று அவளுக்கு இன்னமும் உறுத்தல் உண்டு.

தீர்ப்பன்று கோர்ட் வாசலில் முத்துக்கண்ணன் வழி மறித்தான்.

"இம்புட்டுப் பேச்ச இத்தன வருசமா எங்குட்டு வச்சிருந்த?"

"நீங்க என்னைக்கு வாய மூடுனீக, நான் பேச?"

பஸ்ஸில் ஏறியதும் எதற்கென்றே தெரியாமல் காளையார்கோவில் வரை அழுதாள். அங்கே இரண்டு வடை வாங்கித் தின்றாள்.

முதல் தவணை சொன்ன தேதியில் வந்தது. இரண்டாவதற்கு இன்னொரு மனு போட வேண்டியிருந்தது. அதையும் அவளே எழுதினாள்.