காலில் போட்டு ஊற்றிய குட்டிகள்

தெள்ளுப்பூச்சியைப் பிடிப்பது பெரிய காரியமில்லை. பிடித்த பிறகு விரலைத் திறந்து பார்க்கிற ஆசைதான் கெடுக்கும். பார்த்தால் போய்விடும். விரலோடு நேரே சோப்புத் தண்ணீரில் முக்க வேண்டும். ஏழாவது வரை படித்ததில் பாதி மறந்துபோனது, இது மறக்கவில்லை. பொருட்காட்சிக் கடைகளோடு ஊர் ஊராகப் போகிற பிழைப்பில், கொட்டகைக்குப் பின்னால் குட்டி போடும் நாய்களுக்கு இந்தப் படிப்பு இன்றைக்கும் உதவுகிறது.

அப்போது நான் புதுச்சேரியில், மூடிப்போன மில்லுக்குப் பின்பக்கத்து வரிசை வீடுகளில் ஒன்றில் அத்தையோடும் மாமாவோடும் இருந்தேன். அம்மா சென்னையில் வீட்டு வேலை செய்தாள். அப்பா எங்கே என்று யாருக்கும் தெரியாது. அத்தை வீட்டில் சோறு இருந்தது, அதனால் அங்கே இருந்தேன்.

தெருவில் திரிந்த செவலை நாய் ஒன்று எங்கள் வீட்டு ஓரத்தில் கிடந்த சாக்குகளின் மேல் ஐந்து குட்டி போட்டது. கண் திறக்காத குட்டிகள். அவற்றின் வயிற்றில் மிளகுத் தூளைத் தூவியதுபோல் கறுப்பாக இருந்தது. உற்றுப் பார்த்தால் தூள் ஓடியது. தாய்க்குச் சொறிந்துகொள்ளவே பொழுது சரியாக இருந்தது. குட்டிகள் காம்பைப் பிடிப்பதற்குள் அது எழுந்து போய்விடும்.

தெள்ளு நாயோடு நின்றிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எதிர்வீட்டு அக்கா கதிர்காமம் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். ஒரு நாள் காலையில், அந்தக் குழந்தையின் தொடையில் சிவப்புத் தடிப்புகள். அக்காவின் மாமியார் துணியை விலக்கித் தெருவுக்கே காட்டினாள்.

“நாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இந்தப் பூச்சி போவல, எம் மவன் எல்லாத்தையும் சாக்குல போட்டு நோணாங்குப்பம் பாலத்தாண்ட வுட்டுட்டு வந்துடுவான். அப்பறம் என்னிய கேக்கக் கூடாது.”

கண் திறக்காத குட்டிகள் பாலத்துக்குப் பக்கத்தில் என்ன ஆகும் என்பது எனக்கே தெரிந்தது.

மாமா ரோஷக்காரர். அன்று சாயங்காலமே தன் ஊருக்குப் போய், மாட்டு உண்ணிக்குத் தெளிக்கிற மருந்தை ஒரு பாட்டிலில் வாங்கி வந்தார். “மாட்டு உண்ணியே உதுருது, இது இன்னா பிசாத்து பூச்சி. தலைக்கு ஒரு மூடி ஊத்தி வுடு” என்றார். அத்தை மூடியைத் திறந்து மோந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுபடி இறுக மூடிக் கையைக் கழுவினாள். மறுநாள் பாட்டிலையும், இருப்பதிலேயே சோர்ந்த குட்டி ஒன்றையும் பையில் வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் குட்டியின் உதட்டை விலக்கிக் காட்டினார். ஈறு வெளுத்திருந்தது. ரத்தத்தைப் பூச்சி குடித்துவிட்டது என்றார். பாட்டிலை அத்தை கைக்கு எட்டாத பக்கமாக நகர்த்தி வைத்தார். இந்த வயசுக் குட்டிக்கு இதில் ஒரு சொட்டு பட்டாலும் பிழைக்காது, தாய்மேல் தடவினாலும் குட்டி அதைத்தான் நக்கும், கடையில் விற்கிற பொடியும் வேண்டாம் என்றார்.

“அப்ப இன்னாதான் சார் பண்றது?”

“பேன் சீப்பு இருக்கா?”

அத்தை என் தலையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

வெதுவெதுப்பான தண்ணீர், உறுத்தாத சோப்பு கொஞ்சம், முகத்தில் படாமல் சட்டென்று ஊற்றி உடனே துடைக்க வேண்டும், ஈரத்தோடு விட்டால் குளிரிலேயே செத்துப்போகும், அப்புறம் தினமும் சீப்பு. தாய்க்கும் அதுவே. படுக்கிற துணியை வெந்நீரில் போட வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

கேட்க சுலபமாக இருந்தது. வீட்டுக்கு வந்து முதல் குட்டியைக் குண்டானில் விட்டேன். சோப்புப் பட்டதும் கையிலிருந்து நழுவித் தண்ணீரைக் குடித்துவிட்டது. அது இருமிய இருமலில் எனக்கு அழுகை வந்தது.

“எட்டப் போடி” என்றாள் அத்தை. புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றிக்கொண்டு, கல்லின்மேல் உட்கார்ந்து, காலை நீட்டினாள். குட்டியை இரண்டு கால்களுக்கும் நடுவில் குப்புறப் போட்டாள். தெருவில் பச்சைக் குழந்தைகளுக்கு இப்படித்தான் ஊற்றுவார்கள். கால் இடுக்கில் குட்டி நழுவவில்லை, இருமவில்லை. இடது கையால் தாடையைத் தாங்கி, வலது கையால் கழுத்துக்குக் கீழே ஊற்றி, தேய்த்து, திருப்பிப் போட்டு, துடைத்து, என் மடியில் போட்டாள். நான் சீப்பால் வாரினேன். சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் தெள்ளு மிதந்தது. செவலை பக்கத்திலேயே உறுமிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு குட்டியாக அதன் மூக்கருகே கொண்டுபோய்க் காட்டியபின் உறுமலை நிறுத்தியது. கடைசியில் அதுவே வந்து நின்று தனக்கும் ஊற்றச் சொன்னது.

அத்தைக்குப் பிள்ளை இல்லை. பிள்ளைக்கு ஊற்ற அவளைத் தெருவில் யாரும் கூப்பிட்டதும் இல்லை. அவளுக்கு இது எப்படித் தெரியும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சாக்குகளை எறிந்துவிட்டு அத்தையின் பழைய புடவைகளைக் கிழித்து விரித்தோம். தினமும் மாற்றி, பழையதைக் கொதிக்க வைத்தோம். பள்ளிக்கூடம் விட்டதும் நான் சீப்போடு உட்கார்ந்துவிடுவேன். கிண்ணத்தில் விழுவது நாளுக்கு நாள் குறைந்தது. செவலை கால் நீட்டிப் படுத்துப் பால் கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர்வீட்டு மகன் சாக்கை உதறிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, நாங்கள் கடைசியாக ஒரு முறை ஊற்றி முடித்திருந்தோம். அத்தை எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு ஒரு தப்பு செய்தாள். பிள்ளைக்கு ஊற்றினால் புகை போட வேண்டுமல்லவா? நெருப்பில் சாம்பிராணியைப் போட்டுக் குட்டிகளின் பக்கம் விசிறிவிட்டாள். குட்டிகள் வரிசையாகத் தும்மின. செவலை ஒன்றைக் கழுத்தில் கவ்விக்கொண்டு ஓடியது. போயும் போயும் எதிர்வீட்டுக்குள் ஓடி, தூளிக்குக் கீழே போட்டது.

மாமியார் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. அவள் குட்டியைத் தூக்கி வந்து, எங்களுக்குக் காட்டி அவமானப்படுத்துவதற்காகவே, வெயிலில் உட்கார்ந்து பேன் பார்ப்பதுபோல் வயிற்று மயிரை விலக்கினாள். காது மடலைத் திருப்பினாள். வால் அடியைப் பார்த்தாள். அவள் மகன் சாக்கை வைத்துக்கொண்டு நின்றான். திரும்ப ஒரு முறை முதலிலிருந்து பார்த்தாள்.

“ஒண்ணுகூட இல்லியேடி.”

“இல்ல” என்றாள் அத்தை.

“அந்தச் சாக்க உள்ள போடுடா” என்று மகனை அதட்டிவிட்டுக் குட்டியை அத்தையிடம் நீட்டினாள். குட்டி அத்தையின் கையில் கொட்டாவி விட்டது. நான் ஐந்து குட்டிகளுக்கும் சொந்தக்காரியாகத் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி வந்தேன்.

ஓடி முடித்து வந்தபோது எதிர்வீட்டு அக்கா குழந்தையை வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றாள். மாமியார் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

“நாளைலேந்து எம் புள்ளைக்கும் நீயே ஊத்துறியாக்கா? எங் கையில நிக்க மாட்டுறான்.”

அத்தை மாமியாரைப் பார்த்தாள். மாமியார் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வேண்டாமென்று தடுக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அக்கா உள்ளே போனதும், “அவங்க வேலைய உன் தலையில கட்டுறாங்க அத்தே, சரியான சோம்பேறி. முடியாதுன்னு சொல்லு” என்றேன். அத்தை காதில் வாங்கவில்லை. விடிந்ததும் ஊற்றப் போகிறவள், அன்று மத்தியானமே உட்கார்ந்து, பிள்ளைக்குக் கீறல் படக் கூடாது என்று பத்து விரல் நகத்தையும் வெட்டிக்கொண்டிருந்தாள்.