எழுத்துக்குக் கொக்கி போடுகிறவள்

பெயர் கேட்கும் கட்டம் எதுவானாலும் சரி, அவள் தன் பெயரைப் போடமாட்டாள். தலையில் இரட்டைப் புள்ளி, இடுப்பில் கொக்கி, காலடியில் சுழி என்று அயல்மொழி எழுத்துக்கெல்லாம் நகை மாட்டி ஒரு பெயரைத் தட்டிவிட்டு, கன்னத்தில் கைவைத்துக் காத்திருப்பாள். மகளின் பிறந்தநாள் கேக்கையும் இணையத்தில் அப்படித்தான் வாங்கினாள். அந்த எழுத்து கடைக் கணினிக்குப் பிடிபடாமல் போக, பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று காலிக் கட்டங்களை வரைந்து அனுப்பிவைத்தார்கள். பிள்ளை ஓவென்று அழ, தாய்க்காரி படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கைக்கூடவா சோதிப்பே?" என்று கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பின்னே? தப்புன்னு தெரிஞ்சும் சும்மா தின்னுட்டுப் போகச் சொல்றீங்களா?"

மென்பொருளில் ஓட்டை தேடுவதுதான் அவள் பிழைப்பு. அலுவலகத்தில் வைத்த பெயர் 'கொக்கி'. முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்ப்பாள். அவள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டாலே நிரல் எழுதுகிறவர்களுக்கு டீ தாகம் எடுத்துவிடும்.

இந்த முறை வந்தது மருத்துவமனைக்கான மென்பொருள். மறுநாள் ஒப்படைக்க வேண்டும்; அவள் சம்மதம் ஒன்றுதான் பாக்கி. அவளோ ஒரே நாளில் பிறந்த இரண்டு கற்பனை நோயாளிகளைத் தன் கொக்கி எழுத்துப் பெயர்களோடு உள்ளே சேர்த்தாள். அந்த எழுத்துகள் மென்பொருளுக்குப் புரியவில்லை. இருவர் பெயரையும் நாலு கேள்விக்குறியாக்கி, இரண்டும் ஒரே ஆள் என்று முடிவுகட்டியது. ஒருத்திக்கான ஊசியை, அது ஆகவே ஆகாத இன்னொருத்திக்கு எழுதியும் வைத்தது.

மேலாளருக்கு வியர்த்தது. "ஆயிரத்துல ரெண்டு பேருக்குதாம்மா வரும். அப்புறம் பாத்துக்கலாம். இப்போ கழுத்தறுக்காதே."

"அந்த ரெண்டு பேருக்குக் கழுத்து இல்லையா சார்?"

வாய்தான் வீராப்பு. போன தடவை அடம்பிடித்ததற்கு ஆறு மாதம் ஓரங்கட்டி வைத்திருந்தார்கள். அதை அவள் மறக்கவில்லை.

"உங்கம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன்னு சொன்னீங்களே, அவங்க பேர் என்ன சார்?"

எரிச்சலோடு சொன்னார். அந்தம்மா கையெழுத்துப் போடுகிற தமிழிலேயே அதைத் தட்டினாள். பக்கத்திலிருந்த அச்சுப்பொறி, நோயாளிகளின் கையில் கட்டும் பட்டை ஒன்றைத் துப்பியது. அதில் கேள்விக்குறிகளைத் தவிர ஒன்றுமில்லை.

மேலாளரின் கையைப் பிடித்து, மணிக்கட்டில் அதைச் சுற்றி 'டக்'கென்று மாட்டினாள். அவர் இழுத்துப் பார்த்தார். பல்லால் கடித்தும் பார்த்தார். மருத்துவமனைப் பட்டை, லேசில் கழலுமா?

"கத்திரிக்கோல் எங்கேம்மா?"

மேசைமேல் கிடந்த கத்திரிக்கோலை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.