துறையில் நான் எடுத்ததாகச் சொல்லப்படும் படங்கள்

என் கைபேசி நிரம்பிவிட்டது. இனி ஒரு பூவைக்கூட உள்ளே எடுக்கமாட்டேன் என்று அது அடம்பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகன் அதை வாங்கிக்கொண்டு குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தான். வேண்டாத படங்களை அழித்துத் தருவதாகச் சொன்னான். நான் உள்ளே தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இந்த வானம் எல்லாம் வேணுமோ?"

"ஓம், வேணும்."

"எல்லாம் ஒரே வானம்தானே."

"உனக்கு ஒரே வானம். விடு."

"இந்த மாடு?"

"அது நீ அனுப்பின மாடு. அதை அழி."

அவனுக்கு நெடுந்தீவில் கால்நடை அலுவலகத்தில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் படகேறிப் புளியங்கூடலுக்கு வீட்டுக்கு வருவான். அவன் வருவதற்கு முன்பே அவனுடைய பையிலிருந்து மாட்டு வாசம் வந்துவிடும். நான் மாடுகளைப் பற்றித்தான் இன்னும் ஏதோ சொல்லப்போனேன். வாசலில் சத்தம் நின்றுவிட்டது.

"இது ஆர் எடுத்தது?"

ஈரக் கையோடு எட்டிப் பார்த்தேன். குறிகட்டுவான் துறை. சாம்பல் நிறக் கடல். காற்றில் தலைகீழாகிப்போன குடையோடு ஒருவர். தலையில் இரண்டு கையையும் வைத்தபடி ஒரு பெண். கட்டையில் சுற்றிய கயிறு. திரும்பவும் கடல். திரும்பவும் கடல்.

"நான் இல்லை" என்றேன்.

"உங்கட போன் அம்மா. உங்கட போனில வேற ஆர் எடுக்கிறது?"

"எனக்கென்ன தெரியும். நான் எடுக்கேல்லை."

நான் பொய் சொல்லவில்லை. அது எந்த நாள் என்று மட்டும் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

போன சோளகக் காற்றுக் காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது அது. மகன் வந்துகொண்டிருந்த படகின் இயந்திரம் நடுக்கடலில் நின்றுவிட்டது. காற்று படகை எங்கேயோ இழுத்துக்கொண்டு போனது. அவனுடைய கைபேசி எடுபடவில்லை. நானும் இவரும் மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை துறையில் நின்றோம். பிறகு இன்னொரு படகு போய்க் கட்டியிழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் இந்தக் கடைசி வசனத்தைத்தான் சொல்கிறேன். ஆனால் காற்றுக்குக் கதவு அடித்துச் சாத்தினால் இன்னமும் அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன்.

மகன் விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிப் படத்துக்கு வந்தான். படகிலிருந்து ஆட்கள் இறங்குகிறார்கள். நடுவில் அவன். நேரே பார்க்கிறான்.

"நான் இறங்கேக்கை முதல் உங்களைத்தான் தேடினனான்" என்றான். "முகத்தைக் காணேல்லை. முகத்துக்கு முன்னால போன்தான் நிண்டது."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் சும்மா, பேருந்து தவறிப்போனதைச் சொல்கிற மாதிரிச் சொன்னான். தேங்காய்ப் பாதியைத் தேடிக்கொண்டு உள்ளே போனேன். அது என் கையில்தான் இருந்தது.

அன்றிலிருந்து நான், இதை வாசிக்கிற உங்களைப் போன்ற ஒருவரிடம் கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளை கடலில் நிற்கும்போது ஒரு தாய் படம் எடுப்பாளா? எடுத்தாலும், எடுத்தது நினைவில்லாமல் போகுமா? இவரைக் கேட்டேன். "நீ அழுதுகொண்டெல்லோ நிண்டனி" என்றார். "போனைக் காதில வைச்சு, எடுக்கிறானில்லை, எடுக்கிறானில்லை எண்டு." அப்படியானால் கை தவறிப் பட்டிருக்குமோ என்றால் அதுவும் சரிவரவில்லை. ஏனென்றால் அந்தப் படங்கள் நன்றாக இருக்கின்றன. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் எடுத்தவற்றிலேயே அவைதான் நல்லவை. என் படங்களில் கடல் எப்போதும் ஒரு பக்கம் சரிந்து வழியும். "ரீச்சரின்ர படத்தில பூமி கவிண்டு கிடக்கும்" என்று நான் படிப்பிக்கும் வகுப்பில் கடைசி வாங்குப் பிள்ளைகள் சொல்வதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் துறைப் படங்களில் அடிவானம் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. தலையில் கைவைத்த பெண்ணுக்குப் பின்னால் எவ்வளவு வெற்றிடம் விடவேண்டுமோ அவ்வளவு விட்டிருந்தது. நடுங்குகிற கை எடுத்த படங்கள் அல்ல அவை.

கயிறு இருந்த படத்தைப் பார்த்தபோது டீசலும் உப்பும் கலந்த அந்தத் துறை வாசம் மூக்கில் ஏறியது. அந்த வாசம் என்னை எப்போதும் கொண்டுபோய் விடுவது என் முதல் வேலைக்குத்தான். சண்டைக்குப் பயந்து ஊரை விட்டுப் பலர் ஓடிய காலத்தில், நான் நெடுந்தீவில் சின்னம்மா வீட்டில் தங்கித் தொண்டர் ஆசிரியையாகப் படிப்பித்தேன். தோளில் ஒரு கமரா தொங்கும். பெரியண்ணை வெளிநாட்டுக்குப் போகும்போது விட்டுப்போனது. பற்றரி வேண்டாத பழைய கமரா. அதன் தோலுறையில் மழையில் நனைந்த ஆட்டின் மணம் அடிக்கும். அதனாலேயே சின்னம்மா அதைச் சாமியறைப் பக்கம் கொண்டுபோக விடமாட்டா.

கமரா இருந்தது, பிலிம் இல்லை. பிலிம் தீவுக்கு வருவதே நின்றுபோயிருந்தது. துறையில் ஒரு கடற்படைக்காரன் சந்தேகப்பட்டு அதன் முதுகைத் திறந்து பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தான், திரும்பக் கமராவைப் பார்த்தான், பிறகு மிகவும் கவனமாக மூடி, பைத்தியக்காரியிடம் பொம்மையைக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் திருப்பித் தந்தான்.

நான் விடவில்லை. வெறுங் கமராவோடு தீவெல்லாம் சுற்றினேன். கண்ணை வைப்பேன், பிலிம் சுற்றும் நெம்பை இழுப்பேன், அமத்துவேன். கிளிக். கல்தொட்டியில் தண்ணீர் குடிக்கிற மாட்டின் முகவாயிலிருந்து சொட்டுகிற துளி. அடுக்கிய கல்மதிலின் ஓட்டைகளுக்குள்ளால் வந்து மணலில் புள்ளி புள்ளியாக விழுகிற வெயில். காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற குதிரைகள். எல்லாம் கிளிக். படம் விழாது என்று தெரிந்ததால் அவசரம் இல்லை. ஒரு குதிரை தலை திருப்பும்வரை நின்றுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போய் அதிபரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். பார்க்கப் பழகினேன் என்றால் அந்தக் காலத்தில்தான்.

அங்கே திரேசம்மா என்று ஒருவர் இருந்தா. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வளவு. அவவுடைய மனுசன் திடீரென்று செத்துப்போனார். மூத்த மகன் பிரான்சில், வர வழியில்லை. எங்கள் பக்கத்தில் செத்தவீட்டில் பெட்டி மூடுவதற்கு முன் படம் எடுப்பது முக்கியமான காரியம். பெட்டியின் தலைமாட்டைச் சற்று உயர்த்தி, இனத்தவர்கள் சுற்றி நின்று, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்காக எடுப்பார்கள். அந்தப் படத்தில் நிற்காதவன் இனத்தவன் இல்லை என்று பொருள். எவ்வளவு பகையானாலும் வந்து நின்றே ஆகவேண்டும்.

விடியவே திரேசம்மா என்னிடம் ஆளனுப்பினா. போனேன்.

"பிலிம் இல்லை அக்கா" என்றேன். "முடிஞ்சு கனகாலம்."

"அது எனக்குத் தெரியும் பிள்ளை. நீர் கமராவைக் கொண்டு வாரும்."

"எடுத்தாலும் ஒண்டும் விழாது."

"விழாட்டி விழாமல் போகட்டும். படம் எண்டாத்தான் உவங்கள் ரெண்டு பேரும் அவருக்குப் பக்கத்தில வந்து நிப்பாங்கள். அவர் ஒருக்கா அதைப் பார்த்திட்டுப் போகட்டும்."

உவங்கள் என்றது செத்தவரின் தம்பிமார் இருவரை. அவர்களுக்குள் மதில் சண்டை. நெடுந்தீவில் மதில் என்றால் சாந்து பூசாமல் அடுக்கிய கல். கல்லை இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்கிவிட்டால் மதிலும் தள்ளிப்போகும். "உவற்ர மதிலுக்குக் கால் முளைச்சிருக்கு" என்று சின்னத் தம்பி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். வருடக்கணக்காகப் பேச்சில்லை. செத்தவீட்டிலும் ஒருவர் பந்தலின் கிழக்கே, மற்றவர் மேற்கே.

படம் என்றதும் இருவரும் வந்தார்கள். பெட்டியின் இரண்டு பக்கமும் நின்றார்கள். திரேசம்மா என்னைப் பார்த்தா. எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ, "ரெண்டு பேரும் ஒரே பக்கமா வாங்கோ, இல்லாட்டி அடங்காது" என்றேன்.

"இனிக் கிட்ட வர ஏலாது ரீச்சர், இடமில்லை" என்றார் பெரிய தம்பி.

"மதிலைத் தள்ளத் தெரிஞ்சவருக்குத் தான் தள்ளி நிக்கத் தெரியாதே?" என்றார் சின்னவர்.

பின்னால் யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். அந்தச் சிரிப்பிலோ என்னவோ, பெரியவர் நகர்ந்தார். இரண்டு தோளும் முட்டின. முட்டியதும் பெரியவரின் முகம் உடைந்தது. விழாமல் இருக்கத் தம்பியின் தோளைப் பிடித்தார். தம்பி அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. கிடுகுப் பந்தலின் கிழிசலால் ஒரு கீற்று வெயில் வந்து அந்தக் கையில் விழுந்தது. நான் அமத்தினேன். நெம்பை இழுத்துத் திரும்பவும் அமத்தினேன். என்னையும் திரேசம்மாவையும் தவிர மற்ற எல்லோருக்கும் அது படம்.

மதில் அங்கேயேதான் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அன்று பெட்டியின் முன்பக்கத்தை இருவரும் சேர்ந்துதான் தூக்கினார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. கனகாலம் கழித்து, திரேசம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, பிரான்சிலிருந்த அந்த மகன் ஊருக்கு வந்தார். படகில் என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ரீச்சர், நீங்கள் எடுத்த அப்பான்ர படம் எங்கட வீட்டுச் சுவரில கனகாலம் கிடந்தது."

"எந்தப் படம்?"

"செத்தவீட்டுப் படம்தான். சித்தப்பா ஆக்கள் ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில. பெரிய சித்தப்பான்ர கையில வெயில் படுது, என்ன?"

"இப்ப எங்க அது?"

"வீடு மாறேக்கை எங்கயோ தொலைஞ்சு போயிட்டுது ரீச்சர். உங்களிட்ட ஒரு பிரதி இருக்குமோ எண்டு கேக்கத்தான் வந்தனான்."

வெயிலை அவருக்கு யார் சொன்னார்கள்? தாய் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொல்லச் சொல்ல அது சுவரில் ஏறியிருக்கலாம். அல்லது வேறு யாராவது கமராவோடு நின்றார்களா? அல்லது என் கமராவின் உள்ளே எனக்கே தெரியாமல் ஏதாவது இருந்ததா? அந்தக் கடற்படைக்காரன் திறந்து பார்த்தது செத்தவீட்டுக்கு முன்பா பின்பா என்று இப்போது சத்தியம் பண்ண எனக்கு முடியாது. என்னிடம் பிரதி இல்லை என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அது உண்மை. நான் சொன்னதில் அது மட்டும்தான் உண்மை என்று இப்போது தோன்றுகிறது.

இப்போது செத்தவீடுகளில் யாரும் வந்து நில்லுங்கள் என்று கூப்பிடுவதில்லை. கைபேசியை ஒரு தடியில் பூட்டி வைத்துவிடுகிறார்கள். பிரான்சும் கனடாவும் அதற்குள்ளிருந்து அழுகின்றன. பகைத்தவர்கள் பகைத்தபடியே பந்தலின் இரண்டு கரையிலும் நிற்கிறார்கள். படத்தில் எல்லோரும் விழுகிறார்கள்.

ஆக, என்னிடம் எடுத்தது நன்றாக நினைவிருக்கிற, ஆனால் இல்லாத ஒரு படம் இருக்கிறது. எடுத்தது துளியும் நினைவில்லாத, ஆனால் இருக்கிற படங்களும் இருக்கின்றன. தேங்காய்ப் பூவைப் பிழிந்துகொண்டே இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன். வெறுங் கமராவோடு திரிந்த பழக்கத்தில், தாங்க முடியாத ஒன்றைக் கண்டவுடன் கை தானாக உயர்ந்துவிட்டதோ? முகத்துக்கு முன்னால் எதையாவது பிடித்துக்கொண்டால்தான் நிற்க முடியும் என்று கைக்குத் தெரிந்திருக்குமோ? இப்படியெல்லாம் சொல்லி மகனிடம் நான் நல்லபடியாகத் தப்பிவிடலாம். ஆனால் அவன் படகில் மிதந்த நேரமெல்லாம் நான் நினைத்திருந்தது ஒன்றைத்தான்: அவன் இறங்கும்போது முதலில் என் முகத்தைக் காணவேண்டும்.

மத்தியானம் சோறு போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"தம்பி, அண்டைக்கு நீ இறங்கேக்கை என்ன மாதிரி இருந்தனி?"

"என்ன மாதிரியோ? நனைஞ்ச கோழி மாதிரி." சொதியை ஊற்றிக்கொண்டே சிரித்தான். "ஒரு செருப்பும் கடலோட போயிட்டுது. ஒத்தைச் செருப்போட நொண்டி நொண்டித்தான் வந்தனான். நீங்கள் காணேல்லையோ?"

நான் காணவில்லை. அன்று அவனை வீட்டுக்குக் கூட்டிவந்து, தலை துவட்டி, தேத்தண்ணி கொடுத்தேன். காலைப் பார்க்கவில்லை. கையைக் கழுவிவிட்டுக் கைபேசியை எடுத்தேன். வானங்கள் எல்லாம் இருந்தன. துறை இல்லை. குடை இல்லை, கயிறு இல்லை, கடைசிப் படமும் இல்லை.

"அழிச்சிட்டியோ?"

"நீங்கள்தானே எடுக்கேல்லை எண்டனீங்கள்."

"குப்பைக்குள்ள கிடக்காதோ?"

"அதையும் வெறுமையாக்கிட்டன் அம்மா. இடம் வேணுமெண்டனீங்கள்." பிறகு என் முகத்தைப் பார்த்து, மெதுவாக, "விடுங்கோ. நான்தானே இருக்கிறன்" என்றான்.

இருக்கிறான். அந்த வெள்ளி போய் வேறு வெள்ளிகள் வந்துவிட்டன. நான் கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுத் துறைக்குப் போகிறேன். கைகள் இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறேன். படகு வருகிறது. இரண்டு செருப்போடும் யாருடனோ பகிடி விட்டபடி இறங்குகிறான். முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறான். நான் பார்க்க நினைத்தது இந்த மகனை அல்ல, அன்று இறங்கியவனை.

நனைந்து, நொண்டிக்கொண்டு, கூட்டத்துக்குள் என்னைத் தேடி வந்த ஒருவனை என் கண் பார்க்கவில்லை. கைபேசி பார்த்தது, அதுவும் போய்விட்டது. அவனை நினைவில் வரவழைக்கப் பார்க்கிறேன். ஒருநாள் இடது கால் வெறுங்காலாக வருகிறது, ஒருநாள் வலது. எது என்று மகனைக் கேட்டால் சொல்லுவான். அவன் அங்கே நின்றவன்.